பக்கத்து இருக்கை

தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பான். "வர்றப்ப ரெண்டு சோப்பு, அரை லிட்டர் பால், தைக்கக் குடுத்த பாப்பாவோட செருப்பு" என்று அவன் மனைவி சமையலறையிலிருந்து சொன்னால், வாசலில் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டே, "ரெண்டு சோப்பு, அரை லிட்டர் பால், பாப்பா செருப்பு" என்பான். திருப்பிச் சொல்லிவிட்டான் என்றால் பொருள் வீடு வந்து சேர்ந்த மாதிரிதான்.

கல்யாணமான புதிதில் அவள் இதற்குச் சிரித்தாள். பிறகு எரிச்சல்பட்டாள். பிறகு மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, நான் உங்க தம்பியக் கட்டிக்கிட்டேனா கிளியக் கட்டிக்கிட்டேனான்னு தெரியல. நேத்து கோபத்துல, 'உங்களுக்குக் கொஞ்சம்கூட அறிவே இல்ல'ன்னேன். 'கொஞ்சம்கூட அறிவே இல்ல'ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாரு" என்று அவனுடைய அக்காவிடம் ஒருநாள் சொன்னாள்.

அக்காவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தம்பி விமானி. விமானிகள் எல்லாரும் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். கண்ட்ரோல் டவரில் இருப்பவர் எந்த உயரம், எந்தத் திசை, எந்த ஓடுபாதை என்று சொல்வார். விமானி அதை வரி பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் திருத்துவார். சரியாகச் சொன்னால் பேசாமல் இருப்பார். அதன்பிறகு விமானிக்கு அது ஒத்துவராது என்றால், முடியாது என்று காரணத்தோடு சொல்லலாம். முதலில் காதில் விழுந்ததை உறுதிசெய்வது, வழக்கு அதற்கு அப்புறம். இருபது வருஷம் இதையே செய்தவனுக்கு வீட்டில் மட்டும் வாய் எப்படிச் சும்மா இருக்கும்?

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது தம்பியால் அல்ல. அவன் விமானி ஆவதற்கு முன்பே அவள் அந்த விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நாட்டுக்கு என்று இருக்கிற ஒரே கம்பெனி, அரசாங்கத்துடையது. விமான நிலையத்தின் பின்பக்கம் ஊழியர்களுக்கென்று ஒரு கட்டடம். அதன் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், சீருடை அறை. இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, சுவரோடு ஓடும் கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும் கோட்டுகள். ஜன்னல் உண்டு, ஆனால் அதைத் திறந்தால் சாமான் வண்டிகளின் புகைதான் வரும். அம்மா படுத்த படுக்கையானபோது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். கையில் இருந்தது தையல் ஒன்றுதான். அது அவளை அந்த அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது.

துணை விமானிக்குக் கோட்டுக் கையில் மூன்று பட்டை, கேப்டனுக்கு நான்கு. பட்டை தைப்பதும் பிரிப்பதும், இடுப்பைப் பெரிதாக்குவதும், வேலையை விட்டுப் போகிறவர்களின் சீருடையைத் திரும்ப வாங்கி வைப்பதும் அவள் வேலை. அதிகம் பேச மாட்டாள். வாயில் எப்போதும் குண்டூசி இருப்பதால் யாரும் அவளிடம் பேச்சை எதிர்பார்ப்பதும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு அளவுக்கு நிற்கிற விமானிகள், அவள் அங்கே இல்லாதது போலத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கம்பெனியே செலவு செய்து பையன்களை விமானி ஆக்குகிறது, பதிலுக்குப் பத்து வருஷம் இங்கேயே ஓட்டித் தீர்க்க வேண்டும் என்ற செய்தி அப்படித்தான் அவள் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே தம்பியிடம் சொன்னாள். அவன் விண்ணப்பம் போட்டான். எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய முதல் கோட்டில் பட்டை வைத்ததும் அவள்தான், நான்காவது பட்டை வைத்ததும் அவள்தான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு யாரும் தடை போடவும் இல்லை, யாரும் முனைந்து நிற்கவும் இல்லை. தம்பி வீட்டின் பின்னறை அவளுடையதாயிற்று.

கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்று பல வருஷமாகவே பேச்சு. அரசாங்கம் ஒரு புதிய சேர்மனை நியமித்தது. அதற்கு முன் அவர் ஒரு சிமெண்ட் கம்பெனியை நிமிர்த்தி வைத்தவராம். வந்த வாரமே விமானிகள் அவருக்கு "சிமெண்ட்" என்று பேர் வைத்துவிட்டார்கள். "சிமெண்ட் இன்னைக்கு ஆபீஸ் வந்தாச்சா?" "வந்தாச்சு. இன்னும் இறுகல, தொடாதே." இப்படியெல்லாம் சீருடை அறையில் கேலி ஓடும்.

கேலி ரொம்ப நாள் ஓடவில்லை. சம்பளத்தில் கை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. அதே நேரத்தில் சேர்மனுடைய சம்பளம் முன்பு இருந்தவரைவிட மூன்று மடங்கு என்றும் தெரிந்தது. விமானிகள் சங்கத்தின் செயலாளர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தார். அந்த இடத்துக்கு யாரும் வர விரும்பவில்லை. கூட்டத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தபோது தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டான். அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

"உனக்கெதுக்குடா இது?" என்று அக்கா கேட்டாள்.

"யாராவது போய்ப் பேசணும்லக்கா. நான் சத்தம் போட மாட்டேன், அதனால கேப்பாருன்னு சொல்றாங்க."

பேச்சுவார்த்தை தலைமை அலுவலகத்தின் மேல் மாடியில் நடந்தது. சங்கத்தின் சார்பில் மூன்று பேர் போனார்கள். தம்பி, எல்லாரும் மாமா என்று கூப்பிடும் ஒரு மூத்த கேப்டன், ஒல்லி என்கிற இளம் துணை விமானி. சேர்மன் உட்காரக்கூட இல்லையாம். நின்றபடியே சொன்னார். மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மீதியும் நிச்சயம் கிடையாது, பறக்கிற மணிக்கணக்குக்குத்தான் காசு. ஒப்பந்தம் நான்கு வருஷம். நோய் விடுப்புக்குச் சம்பளம் இல்லை. சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. மீதி பறக்கிற மணிக்கு. நாலு வருஷம். நோய் விடுப்புக்குச் சம்பளம் இல்லை."

சேர்மன் கையை நீட்டினார். நீட்டிய கையைத் தம்பி பிடித்தான். அவன் வாயைத் திறந்து, இனி நாங்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று தொடங்குவதற்குள், "ரொம்ப நன்றி கேப்டன், நான் அமைச்சரைப் பாக்கணும்" என்று அவர் கதவைத் தாண்டிவிட்டார். மேஜையில் மூன்று காபி ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் எல்லா அறைகளிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. விமானிகள் சங்கத்துடன் பேசி முடிவான புதிய சம்பளம் என்று.

தம்பி மறுப்பு எழுதிக் கொடுத்தான். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றான். சேர்மனின் ஆபீசிலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. ஒவ்வொரு நிபந்தனையையும் செயலாளர் தன் வாயால் சொன்னாரா இல்லையா? கை குலுக்கினாரா இல்லையா? கூட வந்த இருவரையே கேட்டுக்கொள்ளுங்கள். இருவரையும் கேட்டார்கள். மாமா பொய் சொல்லத் தெரியாதவர். "சொன்னான், வாஸ்தவம்தான்" என்றார். ஒல்லி தலையை ஆட்டினான்.

அதோடு விட்டிருந்தாலும் காயம் ஆறியிருக்கும். சேர்மன் விடவில்லை. பழுதுபார்க்கும் கொட்டகையில் எல்லா ஊழியரையும் கூட்டித் தலைமை என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பேசினார். மெக்கானிக்குகள், சாமான் தூக்குகிறவர்கள், டிக்கெட் கவுண்டர் பெண்கள், எல்லாரும் ஒரு விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்றார்கள். அவருக்கு மட்டும் மேடையும் மின்விசிறியும். அக்கா கடைசி வரிசையில் ஒரு சக்கரத்தின் ஓரமாக நின்றாள்.

"தலைமைங்கறது கசப்பை முதல்ல தான் முழுங்கறது" என்றார் சேர்மன். "உங்க விமானிகள் சங்கச் செயலாளரைப் பாருங்க. ஒரு வார்த்தை மறுக்கல. கம்பெனியோட நிலைமையைப் புரிஞ்சுக்கிட்டாரு. இப்படிப்பட்ட ஆளுங்கதான் நாளைக்கு என் பக்கத்துல உக்காரணும்."

முன்வரிசையில் நின்ற விமானிகளின் முதுகுகள் அக்காவுக்குத் தெரிந்தன. எல்லாம் அவள் தைத்த முதுகுகள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தம்பியைச் சுற்றி ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. பேச்சு தொடங்கும்போது அந்த இடைவெளி இல்லை.

சங்கத்தின் கூட்டத்தில் தம்பி வேலைநிறுத்தம் செய்யலாம் என்றான். கை தூக்குங்கள் என்றபோது தூக்கியவர்கள் மிகச் சிலர். இளைஞர்களில் பலருக்குப் பத்து வருஷக் கணக்கு இன்னும் முடியவில்லை. மூத்தவர்களுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்சம் காலம்தான் பாக்கி. வேலைநிறுத்தம் வேண்டாம் என்றவர்கள் அடுத்த நிமிஷமே தம்பியைப் பதவியிலிருந்து இறக்க எல்லாரும் கை தூக்கினார்கள். "அப்ப எவ்வளவு வேகமா தூக்கினாங்க தெரியுமா" என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் சிரிக்கத்தான் முயன்றான்.

அதன்பிறகு ஒருநாள், பெட்டியை இழுத்துக்கொண்டு போன தம்பி சாப்பாட்டு வேளைக்கே திரும்பிவிட்டான்.

"விமானம் ரத்தா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல. கோ-பைலட்டுக்கு வயித்துவலியாம். ரிசர்வ்ல இருந்தவனைக் கூப்பிட்டாங்க. அவனுக்குத் தலைவலியாம். கடைசியில வேற ஒரு செட்டு போயிட்டாங்க."

அடுத்த முறை காய்ச்சல். அதற்கு அடுத்த முறை காது அடைப்பு. விமானம் ஓட்ட இரண்டு பேர் வேண்டும். கேப்டன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் விமானம் நகராது. யாரும் தம்பியிடம் சண்டை போடவில்லை, திட்டவில்லை, எதிரே வந்தால் வணக்கம்கூடச் சொன்னார்கள். அவன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். நோய் விடுப்புக்குச் சம்பளம் போகும் என்று தெரிந்தும் விடுப்புப் போட்டார்கள்.

பணிப்பட்டியல் போடுகிற குமாஸ்தா நல்ல மனிதர். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க பேரைப் போட்டாலே வண்டி லேட்டாகுது. மேலேருந்து என்னைக் காய்ச்சி எடுக்கறாங்க. நான் என்னதான் செய்யட்டும்?" என்றார். பட்டியலில் அவன் பெயர் மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது. பிறகு ஒரு தடவை. பிறகு இல்லை. பறந்தால்தான் காசு என்ற சட்டம் எல்லாரையும்விட அவனைத்தான் முதலில் கடித்தது. அவன் சேர்மனைப் பார்க்க மூன்று முறை நேரம் கேட்டான். பக்கத்தில் உட்காரவேண்டிய ஆள் என்று மேடையில் சொன்னவர் ஒருமுறையும் கூப்பிடவில்லை.

தம்பிக்கு ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. "அவங்களுக்கு விஷயம் தெரியாதுக்கா. சங்கத்தோட வருஷக் கூட்டம் வரட்டும். எழுந்து நின்னு பொறுமையா சொல்றேன். நான் திருப்பித்தான் சொன்னேன், ஒத்துக்கலன்னு. விமானிக்கு விமானி சொன்னா புரியாதா?" கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்ப்பதை அவள் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருக்குவான். மூன்று மாதம் பறக்காமல் இருந்தால் மறுபடி சோதனையில் தேறித்தான் ஓட்ட முடியும். வருஷக் கூட்டம் அதற்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியே வைத்திருந்தாள் மனைவி.

கேப்டன்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போகத் தொடங்கினார்கள். பத்து வருஷம் முடிந்தவர்களுக்கு அங்கே கதவு திறந்திருந்தது. சீருடை அறையில் திரும்பி வந்த கோட்டுகள் கம்பி கொள்ளாமல் மூட்டையாகக் கிடந்தன. ஆள் குறைந்ததால் துணை விமானிகளைச் சீக்கிரமே கேப்டன் ஆக்கினார்கள். அப்படித்தான் ஒல்லி நான்காவது பட்டை வைக்க வந்தான்.

அறையில் வேறு யாரும் இல்லை. அவன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டான். அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். அதற்கே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா. கை நீளம் பெரிசாயிடுச்சா?"

"அன்னைக்கு அந்த ரூம்ல நீங்களும் இருந்தீங்க. அவன் சரின்னா சொன்னான்?"

ஒல்லி அவளைப் பார்த்தான். அவள் யாருடைய அக்கா என்று அவனுக்குத் தெரியும். தெரியாதது போல இருக்க ஒரு நிமிஷம் முயன்று, விட்டுவிட்டான்.

"சரின்னு சொல்லலக்கா."

"திருப்பித்தானே சொன்னான்?"

"ஆமா. நானும் வீட்ல அப்படித்தான். எங்கம்மா என்னை எதிரொலின்னுதான் கூப்பிடுவாங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"எனக்குன்னு இல்ல. எல்லாருக்கும் தெரியும்க்கா. பைலட்டா இருந்துக்கிட்டு இது தெரியாம இருக்குமா?"

மெஷினின் சக்கரத்தில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. "பின்ன ஏன்யா?"

அவன் மேஜையில் கிடந்த சாக்பீஸை எடுத்து உருட்டினான். "சிமெண்ட் மேல கோபப்பட்டா வேலை போயிடும். அரசாங்கத்து மேல கோபப்பட்டா யாருக்குக் கேக்கும்? சம்பளம் போன கோபத்தை எங்கயாவது இறக்கி வைக்கணும்ல. அவர் நல்ல மனுஷன், திருப்பி அடிக்க மாட்டாரு." சாக்பீஸைத் திரும்ப வைத்துவிட்டு, "நான் மட்டும் போய் அவர் பக்கத்துல உக்காந்தா, நாளைக்கு என் பக்கத்துல யாரு உக்காருவா? என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றான்.

அவள் ஒன்றும் நினைக்கவில்லை. பட்டையை வைத்து ஓட்டினாள். கோணலாகத் தைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கை கேட்கவில்லை. மற்ற மூன்றுக்கும் சரியான இணையாக நான்காவது போய் உட்கார்ந்தது. அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று நாள் அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தாள். சொன்னால் தம்பி உடைந்துபோவான். சொல்லாவிட்டால் வருஷக் கூட்டத்தில் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கெஞ்சிக் கெஞ்சிச் சொல்வான். அவர்கள் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்பார்கள். இரண்டில் எது கொடுமை என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அவன் நிற்கிற காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓட்டாத கார், அதில் அழுக்கே இல்லை. அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

"கூட்டத்துக்குப் போகாதே."

"ஏன்?"

"அவங்களுக்குத் தெரியும்டா. நீ ஒத்துக்கலன்னு முதல் நாள்லேருந்தே தெரியும். தெரிஞ்சுதான் செய்யறாங்க."

"யாரு சொன்னா?"

"பேரு எதுக்கு? பொய் சொல்ற ஆள் இல்ல."

தம்பி துணியைப் பிழிந்தான். மறுபடி நனைத்தான், மறுபடி பிழிந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"மாமாவுக்குமா தெரியும்?"

"எல்லாருக்கும்."

துணியை வாளியில் போட்டுவிட்டு, "தெரியாம செய்யறாங்கன்னு நினைச்சிட்டிருந்தவரைக்கும் பொறுத்துக்க முடிஞ்சுதுக்கா" என்றான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கூட்டத்துக்கு அவன் போகவில்லை. மூன்று மாதம் முடிந்தது. சோதனைக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை. ராஜினாமா கடிதத்தை அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு வேகமாக அந்த ஆபீசில் எந்தக் காகிதமும் நகர்ந்ததில்லை என்று குமாஸ்தா சொன்னாராம். சீருடையை அவன் நேரில் கொண்டுவரவில்லை, ஒரு டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். அக்கா மற்றவர்களுடையதைப் போலவே கோட்டுக் கையில் இருந்த பட்டைகளைப் பிரித்தாள், கோட்டைச் சலவைக்குப் போட்டாள்.

சேர்மன் இரண்டு வருஷத்தில் வேறு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். போகிறபோது அவருக்குக் கொடுத்த தொகையைப் பற்றிச் சீருடை அறையில் ஒரு வாரம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர் சம்பளத்தைத் தொடவில்லை. நான்கு வருஷ ஒப்பந்தம் முடிந்தது. இன்னொரு நான்கு வருஷத்துக்கு நீட்டினார்கள். சங்கத்துக்கு இப்போது செயலாளர் கிடையாது. யாரும் முன்வரவில்லை.

தம்பி இப்போது வெளிநாட்டில் ஒரு சிறிய கம்பெனியின் சரக்கு விமானம் ஓட்டுகிறான். பழைய விமானம், பெரும்பாலும் இரவுப் பயணம். இங்கே குறைத்த சம்பளத்தைவிட அங்கே கொஞ்சம் கூடுதல். வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருகிறான். வந்தால் விமான நிலையத்தின் வழியாகவே நடக்க வேண்டியிருப்பதால் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிடுகிறான். அவன் மனைவியும் மகளும் அதே வீட்டில் இருக்கிறார்கள். அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஒல்லி மாதத்துக்கு ஒருமுறை சீருடை அறைக்கு வருகிறான், எடை போட்டுவிட்டான். அவள் அவனுக்கு இடுப்பைப் பெரிதாக்கித் தருகிறாள். இருவரும் வணக்கத்துக்கு மேல் பேசிக்கொள்வதில்லை.